நாயும் நகரமும் நாமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"என்னப்பா தலைப்பு?" என்று நம் செயலாளர் கேட்டார். "நாய்" என்றேன். சிரித்தார். "இன்ஜினியரிங் படிச்சவன், ஏதாவது எலக்ட்ரிக் கார், சோலார்னு பேசக் கூடாதா?" என்றார். "சார், ஹாஸ்டல் மெஸ் வாசல்ல ராத்திரி பத்து மணிக்கு வந்து நின்னு பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இது சிரிப்பதற்கான விஷயம் இல்லை என்பதற்கு இரண்டு எண்கள் போதும். 2024-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடி சுமார் 4.8 லட்சம். அந்த ஒரே வருஷத்தில் ரேபிஸால் இறந்தவர்கள் 43 பேர். வெறிநோய் வந்த பிறகு அதற்கு மருந்து கிடையாது. வருவதற்கு முன்பு தடுப்பூசி உண்டு. முழுக்கத் தடுக்கக்கூடிய ஒரு சாவு 43 வீடுகளில் நடந்திருக்கிறது என்றால், எங்கோ ஒரு அமைப்பு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். வேலை செய்யாத அமைப்பைப் பார்ப்பது நம் தொழில்தானே!

தண்ணீர்த் தொட்டிக் கணக்கு

சென்னையில் தெருநாய்ப் பிரச்சினை நேற்று முளைத்ததல்ல. 1990-களின் நடுப்பகுதி வரை மாநகராட்சியின் வழி பிடிப்பது, கொல்வது என்பதுதான். பிடித்த நாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். எத்தனையோ பத்தாண்டுகள் இப்படிக் கொன்ற பிறகும் தெருவில் நாய் குறைந்ததா? குறையவில்லை.

காரணம் எளிது. ஒரு தெரு இத்தனை நாய்களைத் தாங்கும் என்பதை முடிவு செய்வது அங்கே கிடைக்கும் சாப்பாடும் ஒதுங்க இடமும்தான். பத்து நாயைப் பிடித்துக்கொண்டு போனால் பத்து இடம் காலியாகிறது. குப்பைத்தொட்டி அப்படியே இருக்கிறது. அடுத்த தெரு நாய் உள்ளே வரும். மிச்சமிருக்கும் பெண் நாய் போடுகிற குட்டிகள் நன்றாகச் சாப்பிட்டுப் பிழைக்கும். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தொட்டியிலிருந்து செம்பால் மொண்டு மொண்டு கொட்டினால் மட்டம் குறையுமா? முதலில் குழாயை மூட வேண்டும்.

குழாயை மூடலாம் என்று முதலில் சொன்னவர்கள் நம் ஊர்க்காரர்கள் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. 1959-இல் கேப்டன் வி. சுந்தரம் சென்னையில் தொடங்கிய ப்ளூ கிராஸ் அமைப்பு, கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து அதே இடத்தில் விடும் முறையை 1960-களிலேயே கையில் எடுத்தது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 ஆனது. 2001-இல் மத்திய அரசு அதை நாடு முழுவதற்குமான விதியாக்கியது. 2023-இல் புது விதிகள் வந்தன. அதற்கெல்லாம் அடிப்படையான 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு மாநிலங்களவையில் குரல் கொடுத்தவர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல்.

ஜெய்ப்பூரில் 1994 முதல் 2002 வரை சுமார் 25,000 நாய்களுக்குக் கருத்தடையும் ரேபிஸ் தடுப்பூசியும் செய்தார்கள். அந்தப் பகுதியின் பெண் நாய்களில் 65 சதவீதம் இதில் அடங்கியது. எட்டு வருஷத்தில் நாய்களின் எண்ணிக்கை 28 சதவீதம் குறைந்தது. அந்தப் பகுதியில் மனிதர்களுக்கு ரேபிஸ் வருவது பூஜ்யத்துக்கு இறங்கியது. கோவாவில் 2013-க்குப் பிறகு வருஷா வருஷம் தெருத்தெருவாகப் போய் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். 2021-இல் அது ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஆக, முறை சரி.

அப்புறம் ஏன் சென்னையில் இன்னும் இந்தப் பாடு? 2024-இல் மாநகராட்சி எடுத்த கணக்கெடுப்பில் சென்னையின் தெருநாய்கள் சுமார் 1.81 லட்சம். அதில் கருத்தடை ஆனவை 27 சதவீதம். அதாவது ஏறக்குறைய 49,000. பொதுவாக வைக்கும் இலக்கு 70 சதவீதம்; அது 1,26,700. பாக்கி சுமார் 78,000 நாய்கள். வருஷத்துக்கு 300 வேலை நாள் என்று வைத்து மூன்று வருஷத்தில் முடிக்க வேண்டுமானால் ஒரு நாளைக்கு 87 ஆபரேஷன். பத்து வருஷம் எடுத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 26தான். "சரி, அப்போ மெதுவாச் செய்யலாமே" என்று தோன்றும். அங்கேதான் தப்பு. பெண் நாய் ஆறேழு மாசத்துக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும். 63 நாளில் குட்டி போடும். ஒரு ஈற்றுக்கு நாலைந்து குட்டி. நாம் பத்து வருஷம் ஆடி அசைந்து செய்தால், செய்தவை செத்துப்போய், செய்யாதவை பெருகியிருக்கும். பம்பின் வேகம் கசிவின் வேகத்தைவிடக் கூட இருந்தால்தான் தொட்டி காலியாகும். பாதிக் கருத்தடை என்பது பாதிப் பலன் இல்லை. கிட்டத்தட்ட பலனே இல்லை.

இதை நாய்ப்பிரியர்களும் ஒத்துக்கொள்ள வேண்டும். "சட்டம் இருக்கிறது, நாயைத் தொடாதே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், கடிபட்டவருக்கு நாம் சொல்லும் பதில் என்ன? காரில் போகிறவரை நாய் கடிப்பதில்லை. விடியற்காலை தெருக் கூட்டுகிற அம்மாவையும், ராத்திரி சைக்கிளில் வீடு திரும்பும் வாட்ச்மேனையும், சாப்பாடு கொண்டுவரும் டெலிவரிப் பையனையும், தெருவில் விளையாடும் குழந்தையையும்தான் கடிக்கிறது.

எங்கள் குடியிருப்பில் நடந்தது

நான் இருப்பது 64 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு. காம்பவுண்டுக்கு உள்ளும் வெளியுமாக 11 நாய்கள். சாப்பாடு போடுகிற கட்சி, துரத்துகிற கட்சி என்று இரண்டு கட்சி. வாட்ஸ்அப் குழுவில் தினமும் மகாபாரதம். இந்தச் சமயத்தில் இரண்டாவது பிளாக் வாட்ச்மேன் அண்ணனை ஒரு நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. நாலு தடவை ஊசிக்கு அலைந்தார். ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அரை நாள் சம்பளம் போனது.

சாப்பாடு போடும் அம்மாவுக்கு வயது எழுபதுக்கு மேல். போய்ப் பேசினேன்.

"ஏம்ப்பா, வாயில்லா ஜீவனுக்கு ஒரு பிடி சோறு போடறது தப்பா?"

"தப்பில்லைம்மா. லிஃப்ட் வாசல்ல போடறதுதான் தப்பு. நாய் அந்த இடத்தைத் தன் இடம்னு நினைச்சுக்குது. அங்க யார் வந்தாலும் பாயுது."

"அப்போ எங்கதான் போடச் சொல்றே?"

"பின்னாடி போர்வெல் ரூம் பக்கம். பசங்க விளையாடாத நேரமாப் பார்த்து, காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. சாப்பிட்டு முடிச்சதும் மிச்சத்தை எடுத்துடுங்க. இன்னொரு உதவியும் வேணும்மா. உங்ககிட்டதான் அதுங்க நம்பி வரும். மாநகராட்சி வண்டி வர்ற அன்னிக்கு நீங்க கூட இருக்கணும்."

ஒப்புக்கொண்டார். 1913 எண்ணுக்குப் புகார் கொடுத்தோம். ஒரு தடவை இல்லை, விடாமல் கொடுத்தோம். வண்டி வந்த அன்றைக்கு அந்த அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட 8 நாய்கள் வந்தன. மற்ற மூன்றையும் பிடிக்க இன்னும் இரண்டு முறை ஆட்கள் வர வேண்டியிருந்தது. ஆபரேஷன் முடிந்து, சில நாள் வைத்துப் பார்த்து, காதில் சின்ன வெட்டு அடையாளத்தோடு கொண்டுவந்து விட்டார்கள். காதில் அந்த வெட்டு இருந்தால் கருத்தடை ஆன நாய் என்று தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம். குப்பைத்தொட்டிகளுக்கு மூடி போட்டோம். அதன் பிறகு இரண்டு வருஷமாகப் புதுக் குட்டி இல்லை. வெளிநாய் வந்தால் இவையே குரைத்து விரட்டுகின்றன. இரண்டு கட்சியும் சமாதானம் ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்; சண்டைக்கு இப்போது பார்க்கிங் இருக்கிறது!

நாங்கள் செய்ததில் புதுமை ஒன்றும் கிடையாது. குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் வாசலுக்கும் தள்ளி, குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் சாப்பாடு போட வேண்டும் என்பது 2023 விதியிலேயே உள்ளது. படிக்காமலே சண்டை போடுகிறோம், அவ்வளவுதான்.

வீட்டு நாய்க்கு வருவோம்

தெருநாயைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மாநகராட்சியைத் திட்டலாம். வீட்டு நாயைப் பற்றிப் பேசினால் கண்ணாடியைப் பார்க்க வேண்டியிருக்கும்.

2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதிப் பூங்காவில் 5 வயதுக் குழந்தையைக் குதறியவை தெருநாய்கள் அல்ல. வளர்ப்பு ராட்வைலர் நாய்கள். 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் ஒருவர் உயிரை இழந்ததும் ஒரு வளர்ப்பு நாயால்தான். சங்கிலி இருந்திருந்தால், வாய்மூடி இருந்திருந்தால், பழக்கியிருந்தால் என்று பிறகு பேசி என்ன பயன்?

சென்னையில் நாய் வளர்க்க மாநகராட்சி உரிமம் வேண்டும். ரொம்ப நாளாக இருக்கிற விதிதான். கட்டணம் வருஷத்துக்கு 50 ரூபாய். ஒரு கோப்பை காப்பி விலை! 2025 கடைசியில், உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று கெடு வைத்த பிறகுதான் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். உரிமம் என்பது வரி வசூல் அல்ல. தடுப்பூசிச் சான்று இருந்தால்தான் உரிமம் கிடைக்கும். எந்தத் தெருவில் எத்தனை நாய், யாருடையது, ஊசி போட்டதா என்று நகரத்துக்குத் தெரிவது அதன் வழியாகத்தான்.

கூடவே மைக்ரோசிப் பொருத்துகிறார்கள். "நாய்க்குள்ள பேட்டரி வைக்கிறாங்களாமே" என்று என் பக்கத்து வீட்டு சார் பயந்தார். எலக்ட்ரானிக்ஸ் துறைத் தம்பிகளுக்குத் தெரியும்; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அரிசிமணி அளவுக் கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு சின்னச் சுருளும் ஒரு சில்லும் இருக்கும். பேட்டரி கிடையாது. வெளியிலிருந்து 134.2 கிலோஹெர்ட்ஸில் ரீடரைக் காட்டும்போது அந்தக் காந்தப்புலத்திலிருந்தே சக்தி எடுத்து, தன் 15 இலக்க எண்ணைச் சொல்லும். அவ்வளவுதான். நாய் எங்கே ஓடுகிறது என்று அது காட்டாது. ஆனால் ரோட்டில் விட்ட நாய் யார் வீட்டு நாய் என்று காட்டிக் கொடுத்துவிடும்.

ரோட்டில் விடுவது என்றேன். தருமபுத்திரர் கூட வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கே வர மாட்டேன் என்றார். நம்மவர்கள் வாடகை வீடு மாறும்போதே விட்டுவிட்டுப் போகிறார்கள்! 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி வளர்ப்புப் பிராணியைத் தெருவில் கைவிடுவது குற்றம். முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டம் வைத்த அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரை. சட்டம் பயமுறுத்தாது, மனசாட்சிதான் பயமுறுத்த வேண்டும்.

நாய் வாங்குவதற்கு முன் நாலு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் நான் இதைப் பார்த்துக்கொள்வேனா? தினமும் இரண்டு வேளை கூட்டிப் போக வீட்டில் ஆள் இருக்கிறதா? நாங்கள் ஊருக்குப் போனால் யார் பார்ப்பது? இந்த ஊர் வெயிலுக்கு இந்த ஜாதி நாய் தாங்குமா? சைபீரியப் பனியில் வண்டி இழுத்த ஹஸ்கியை மே மாதம் சென்னை மூன்றாவது மாடியில் வைப்பது அன்பு இல்லை. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கோம்பையும் நம் மண்ணுக்கு ஏற்றவை. ஆனால் அவையும் ஓடி வேலை செய்த ஜாதிகள். பால்கனியில் கட்டிப்போட வளர்த்தவை அல்ல. எந்தப் பெயரும் வேண்டாம், நாய்தான் வேண்டும் என்றால், தெருக்குட்டி ஒன்றை எடுத்து, ஊசி போட்டு, வயது வந்ததும் கருத்தடை செய்து வளர்த்துப் பாருங்கள். செலவும் நோயும் குறைவு; விசுவாசத்துக்குக் குறைவே இல்லை.

கடிபட்டால்

இதை மாணவர்கள் மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

ஒன்று: காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். கடிகாரம் பார்த்து 15 நிமிஷம். ரேபிஸ் கிருமிக்குச் சோப்பு ஆகாது.

இரண்டு: மிளகாய்த்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் வைக்கக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது.

மூன்று: அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோலில் போடும் முறையில் ஊசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். ரத்தம் வந்த கடியானால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் போட வேண்டும். இதைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். தடுப்பூசி வேலை செய்ய நாளாகும். அதுவரை காவல் இந்த மருந்துதான்.

நான்கு: குட்டி நாய்தானே, வீட்டு நாய்தானே, பூனைதானே, லேசான கீறல்தானே என்று விடக் கூடாது. நோய் வெளியே தெரிய சாதாரணமாக ஒன்று முதல் மூன்று மாசம் ஆகும். அதற்குள் மறந்தே போயிருப்போம்.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். அந்தப் பழைய மருந்து இந்தியாவில் நின்று 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது கையில் போடும் சாதாரண ஊசிதான். பயத்தில் ஊசியைத் தவிர்ப்பவர்கள் இன்னும் இருப்பதால் சொல்கிறேன்.

நம் வளாகம்

கடைசியாக, நம் கல்லூரி. 2025 ஆகஸ்டில் டில்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், அதே மாதம் 22-ஆம் தேதி அதை மாற்றி, கருத்தடையும் ஊசியும் முடிந்தபின் பழைய இடத்திலேயே விடலாம், வெறிநாயையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக் கூடாது என்றது. நவம்பர் 7-ஆம் தேதி, கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பஸ் நிலையங்கள், ரயில் நிலையங்கள் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்க வேண்டும், அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று உத்தரவிட்டது. நீதிமன்றம் என்ன சொன்னாலும் நாம் நடக்க வேண்டும். ஆனால் உத்தரவுகள் மாறினாலும் தொட்டிக் கணக்கு மாறாது. வளாகத்திலிருந்து 30 நாயை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, மெஸ் பின்னால் சோற்றை மலைபோலக் கொட்டினால், அடுத்த பொங்கலுக்குள் வேறு 30 வந்து நிற்கும். அப்போது காப்பகத்தில் இருப்பதும் நம் பொறுப்பு, வாசலில் நிற்பதும் நம் பொறுப்பு.

எனவே நம் சங்கத்தின் முன் நாலு வேலைகளை வைக்கிறேன்.

முதலாவது, எண்ணுவது. ஒரு நாள் காலையில் வளாகம் சுற்றி ஒவ்வொரு நாயையும் படம் எடுங்கள். 24 நாய் என்று வையுங்கள். மறுநாள் மறுபடி சுற்றுங்கள். 20 நாய் கண்ணில் படுகிறது. அதில் 16 நேற்றுப் பார்த்தவை. 24-ஐ 20-ஆல் பெருக்கி 16-ஆல் வகுத்தால் 30. ஏறக்குறைய அதுதான் மொத்தம். காதில் வெட்டு உள்ளவை எத்தனை, பெண் நாய் எத்தனை என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள், பத்து மாணவர், ஒரு நோட்டு. இந்தக் கணக்கு கையில் இல்லாமல் எந்த அதிகாரியிடம் போய்ப் பேசுவது?

இரண்டாவது, மெஸ் கழிவு. மூடி உள்ள தொட்டி, இருட்டுவதற்குள் அகற்றுவது, கேன்டீன் பின்புறச் சுவரின் ஓட்டையை அடைப்பது. இதற்கான பணத்தை எங்கள் வகுப்பு தருகிறது. தோழர்களிடம் பேசிவிட்டுத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது, இங்கிருந்து போகும் நாய் எதுவும் கருத்தடையும் ஊசியும் இல்லாமல் போகக் கூடாது. எங்கே போகிறது, யார் சோறு போடுகிறார்கள் என்ற விவரம் கல்லூரி ஆபீசில் இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துக்கொள்ள விரும்பும் முன்னாள் மாணவர்களுக்கு முதல் உரிமை கொடுக்கலாம். வாட்ச்மேன்களுக்கும் மெஸ் ஊழியர்களுக்கும் முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போட ஏற்பாடு செய்ய வேண்டும்.

நான்காவது, ஹாஸ்டல் தம்பி தங்கைகளுக்கு. முதல் வருஷத்தில் மழையில் நனைந்த குட்டியை ரூமுக்குத் தூக்கி வருவீர்கள். பிஸ்கட் போடுவீர்கள், பெயர் வைப்பீர்கள். நாலு வருஷத்தில் நீங்கள் டிகிரியோடு போய்விடுவீர்கள். அது எங்கே போகும்? மனிதரை நம்பப் பழகி, பிறகு கைவிடப்பட்ட நாய் பசியோடு மெஸ் வாசலில் நிற்கும். அடுத்த செட் மாணவன் அதற்குப் பயந்து கல்லெடுப்பான். குட்டியைத் தூக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தூக்குவதற்கு முன் அதற்கு ஒரு வீடு கண்டுபிடியுங்கள்.

குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். அதை நம்பிக் கிட்டே போகாதீர்கள், குரைக்கிற நாயும் கடிக்கும். ஆனால் ஊசி போட்ட, குட்டி போடாத, வயிறு நிறைந்த நாய் கடிப்பது குறைவு. கடித்தாலும் சாவு வராது. அந்த நிலைக்கு ஒரு தெருவையோ ஒரு வளாகத்தையோ கொண்டுவருவது பெரிய பாலம் கட்டுகிற வேலை இல்லை. தினமும் கவனிக்கிற பராமரிப்பு வேலைதான்.

இந்தக் கணக்கெடுப்பு வரும் பருவத் தொடக்கத்திலேயே நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.